கோதண்டபாணி ஒன்பது பாத்து ஃபார்மேட் போட்ட கதை

திருத்தணியில அப்போ வீடியோ எடுக்கறவங்க ஏழெட்டுப் பேரு இருந்தாங்க. எல்லாரும் வெளிச்சம் பாத்து எடுப்பாங்க. கோதண்டபாணி மட்டும் நம்பர் பாத்து எடுப்பாரு.

எங்க அக்கா மணியம்மையக் கட்டினவரு. அதனால எனக்குப் பாவா. ஸ்டேஷன் ரோட்டுல மாடிப்படிக்குக் கீழ ஒரு கடை. நான் அவருக்கு லைட்டு பிடிக்கிறவன். ஆயிரம் வாட்டு லைட்ட கையில தூக்கிகினு பொண்ணு மாப்ள மூஞ்சிக்கு நேரா நிக்கிற ஆளு. கேசட்டுல நான் இருக்க மாட்டேன். ஆனா மாப்ள யாரப் பாத்து முழிக்கிறான், பொண்ணோட சித்தி எதுக்கு மூக்கச் சிந்துறா, எல்லாம் மொதல்ல எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சத வயித்துக்குள்ள வெச்சிக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது. அது எங்க கொண்டுபோயி வுட்டுதுன்னு பின்னாடி சொல்றேன்.

தொண்ணூத்தாறுல பாவா திருப்பதி பஸ் ஸ்டாண்டுல நியூமராலஜி புக்கு ஒண்ணு வாங்கினாரு. பஸ்ஸு லேட்டு, கையில சில்லற இருந்துச்சு, அவ்ளோதான். அன்னிலேர்ந்து மனுசன் மாறிட்டாரு. ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒரு நம்பர். கூட்டினா எட்டு வந்தா சனி, ஏழு வந்தா கேது, நாலு வந்தா ராகு. ஒன்பது வந்தா செவ்வா. செவ்வான்னா முருகன். மலைக்குக் கீழ பொறந்தவருக்கு வேற இன்னா வேணும்? கடையோட பேர மூணு தடவ அழிச்சு எழுதினாரு. பெயிண்டர் மூணாவது தடவ வந்தப்போ, "அண்ணா, பேசாம பலகையில நம்பரையே எழுதிடட்டா?"ன்னு கேட்டான். எங்க அக்கா தட்டுல எட்டு இட்லி வெச்சா ஒண்ண எடுத்து என் தட்டுல போட்டுருவாரு. அதனால எனக்கும் அந்தப் புக்கு மேல ஒரு மரியாத இருந்துச்சு.

ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.

ரெண்டாயிரத்து மூணுல பெரிய டேப்புக் காலம் முடிஞ்சு கம்ப்யூட்டர்ல மிக்ஸிங் வந்துடுச்சு. புதுசா சின்ன கேசட்டுக் கேமரா ஒண்ணு வாங்கினாரு, கூடவே கம்ப்யூட்டரு. கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு ஒயரு. கேசட்டு ஓட ஓட படம் டிஸ்குக்குள்ள எறங்கும். அறுவது ஜிபி டிஸ்கு. அத மாட்டிக் குடுக்க மெட்ராஸ்லேர்ந்து ராஜேஷுன்னு ஒரு இன்ஜினியரு காலையில எலக்ட்ரிக் ட்ரெயின்ல வந்தாரு. முப்பது வயசு இருக்கும், அமைதியான ஆளு. அமைதியான ஆளயெல்லாம் பாவா ஒரு மணி நேரத்துல மாத்திடுவாரு.

செவ்வாக்கெழம. ஒன்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும் எமகண்டம். அந்த ஒன்றரை மணி நேரமும் ராஜேஷ டிஸ்க தொடவே வுடல. மூணு டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சாரு. பத்தரை தாண்டினதும், "ஆங், இப்ப ஆரம்பிங்க"ன்னாரு.

ராஜேஷ் ஸ்க்ரீன்ல சின்னதா ஒரு பொட்டிய தொறந்தாரு. "சார், ஃபார்மேட் போடணும். டிஸ்க எந்த மாதிரி கட்டணும்னு கேக்குது. என்டிஎஃப்எஸ் போட்டுடறேன். வீடியோவுக்கு அதான் சரி."

"இருங்க." பாவா பாக்கெட்லேர்ந்து பேனாவ எடுத்து உள்ளங்கையில எழுத ஆரம்பிச்சிட்டாரு. "என்னுக்கு அஞ்சு, டிக்கு நாலு, எஃப்புக்கு எட்டு, எஸ்ஸுக்கு மூணு. இருவது. ரெண்டுங்க. சந்திரன். இன்னிக்கு வளருவான், நாளைக்குத் தேய்வான். கல்யாணத்த அதுமேல வெக்க முடியாது. வேற இன்னா கீது?"

ராஜேஷ் என்னப் பாத்தாரு. நான் சீலிங்கப் பாத்தேன்.

"ஃபேட் தர்ட்டிடூன்னு ஒண்ணு இருக்குது சார். பழசு."

"எஃப்பு எட்டு, ஏ ஒண்ணு, டி நாலு. பதிமூணு. மூணும் ரெண்டும் அஞ்சு. பதினெட்டு." பாவா மூஞ்சி மலை மேல தீபம் ஏத்தினாப்ல ஆயிடுச்சு. "ஒண்ணும் எட்டும் ஒன்பது! டேய் சிங்காரம், ஒன்பதுடா!"

"சார், சொல்றதக் கேளுங்க," ராஜேஷ் சேர இழுத்துப் போட்டு எதிர்ல உக்காந்தாரு. "அந்தப் பழைய கட்டுல ஒரு ஃபைலு நாலு ஜிபிக்கு மேல போவாது. உங்க கேமராவுலேர்ந்து ஒரே இழுப்புல இழுத்தீங்கன்னா இருவது நிமிஷம்கூட வராது. பாதியில நின்னுக்கும்."

"நான் எங்க ஒரே இழுப்புல இழுக்கறேன்? துண்டு துண்டாதான் இழுப்பேன். பொண்ணழைப்பு ஒரு துண்டு, முகூர்த்தம் ஒரு துண்டு, பந்தி ஒரு துண்டு. எதுவும் பத்து நிமிஷம் தாண்டாது."

"இப்ப அப்படி சொல்றீங்க சார். ஒரு நாள் அவசரம் வரும்."

"அவசரத்துக்குத்தான முருகன் இருக்காரு."

ராஜேஷ் திரும்பி ஸ்க்ரீனப் பாத்தாரு. ஆனா வேல முடியல. முப்பத்திரெண்டு ஜிபிக்கு மேல இருந்தா அந்தப் பழைய பேரு லிஸ்டுலயே வராதாம். அதனால அறுவத முப்பது முப்பதா ரெண்டா வெட்டினாரு. அப்புறம் கீழ இன்னொரு லிஸ்டு. டிஸ்க எவ்ளோ பெரிய கட்டமா பிரிக்கிறதுன்னு கேக்குமாம். பாவா ஒவ்வொண்ணாக் கூட்டினாரு. ஐநூத்திப் பன்னெண்டு, எட்டு. ஆயிரத்து இருவத்தி நாலு, ஏழு. எல்லாத்தயும் கூட்டிப் பாத்துட்டாரு, ஒண்ணுலகூட ஒன்பது வரல.

"எத்தினி தடவ ரெட்டிப்பாக்கினாலும் ஒன்பது வராது சார். ஆறும் வராது. நீங்க சாயங்காலம் வரைக்கும் கூட்டினாலும் வராது."

பாவா கொஞ்ச நேரம் அந்த நம்பருங்களயே பாத்துகினு இருந்தாரு. எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்குது, மூஞ்சியில லேசா ஒரு பயம் வந்துட்டுப் போச்சு. அப்புறம், "அத நீங்களே பாத்துப் போடுங்க. டிஸ்குக்குப் பேரு வெக்கலாமா?"ன்னாரு. வெக்கலாம். முருகன்னு இங்கிலீஷ்ல எழுதினா இருவத்தேழு, அதுவும் ஒன்பது. மவுச புடிச்சு ஸ்டார்ட்ட அவரே அமுக்கினாரு. உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும், சரியான்னு ஒரு எச்சரிக்க வந்துச்சு. அதப் படிக்காமலே சரின்னு குத்திட்டாரு.

ராஜேஷ் போம்போது என்கிட்ட மட்டும் சொன்னாரு: "அண்ணா, ஸ்க்ரீன்ல எதாச்சும் பொட்டி வந்தா படிக்காம அமுக்காதீங்க."

நான் எட்டாங்கிளாஸு. இங்கிலீஷ் பொட்டிய எப்படிப் படிக்கறது? தலய ஆட்டினேன்.

ஒரு வருசம் நல்லாத்தான் ஓடுச்சு. பாவா கேசட்ட ஓட்டி, துண்டு துண்டா எறக்கி, பாட்டுப் போட்டு, ஹார்ட்டின் ஷேப்புல மாப்ளய வெட்டி உள்ள வெச்சி, எல்லாம் பண்ணாரு. எறக்கினதும் அந்தக் கேசட்டயே திருப்பி அடுத்த கல்யாணத்துக்குப் போடுவாரு. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். படம்தான் டிஸ்குல பத்திரமா கீதே, கேசட்டு எதுக்குச் சும்மா கெடக்கணும்? எங்ககிட்ட இருந்ததே மூணு கேசட்டு.

ரெண்டாயிரத்து நாலு ஆவணியில ஒரு முகூர்த்தம் வந்துச்சு. மலை மேலயும் கீழயும் எங்க பாத்தாலும் கல்யாணம். படிக்கட்டுல ஒரு மாப்ள எறங்க, இன்னொரு மாப்ள ஏற, மால மாலயோட சிக்கிக்கிச்சு. அன்னிக்கு பாவா ஒத்துகினது அஞ்சு கல்யாணம். கூட்டினா அஞ்சு நல்ல நம்பராம்.

மொதக் கல்யாணம் விடிஞ்சு ஆறரைக்கு, அடிவாரத்துல சின்ன மண்டபம். பொண்ணு தேவகி. கே.ஜி.கண்டிகை எல்லப்பனோட மவ. எல்லப்பனும் அவரு சம்சாரம் எல்லம்மாளும் அடுத்தவங்க நெலத்துல நாத்து நட்டு, களை எடுத்து தேவகிய வளத்தவங்க. மாப்ள கங்காதரன், ஆர்.கே.பேட்டை. சித்தப்பனுக்குப் பவர்லூம் இருக்குது, இவன் மெட்ராஸ் பக்கம் ஒரு கம்பெனியில வேல. பஸ்ஸுல பாத்துப் பழகின கல்யாணம். மாப்ள சைடுல வந்தது மொத்தமே ரெண்டு பேரு, ரெண்டும் ஃப்ரெண்டுங்க. அதுல ஒருத்தன் கழுத்துல போட்டோ கேமரா. "போட்டோ நான் பாத்துக்கறேன் மாமா, நீங்க வீடியோ மட்டும் சொல்லுங்க"ன்னு எல்லப்பன்கிட்ட சொல்லிட்டான். கல்யாணத்தப் பதியறதுக்கும், "அப்புறம் மெதுவா பாத்துக்கலாம் மாமா"ன்னாங்க. எனக்கு அப்பவே மூக்குல வேர்த்துச்சு. கல்யாணத்துக்கு அம்மாவே வராத மாப்ளய நான் அதுக்கு முன்னாடி பாத்தது இல்ல.

தாலி கட்டும்போது நான் ரெண்டடி தூரத்துல லைட்ட பிடிச்சிகினு நின்னேன். மூணு முடிச்சும் அவனே போட்டான். கை நடுங்கல. தேவகிதான் அழுதுகினே சிரிச்சா.

அது முடியும்போதே அடுத்த கல்யாணத்துக்காரங்க போன் மேல போன். பாவா கடைக்கு ஓடி, கேசட்டத் திருப்பி, கேமராவ கம்ப்யூட்டர்ல மாட்டி, ஒரே இழுப்பா ஓடட்டும்னு ஆன் பண்ணிட்டாரு. துண்டு போட நேரம் இல்ல. "சிங்காரம், நீ இங்கயே இரு. நான் வாடகைக் கேமராவையும் மிச்ச ரெண்டு கேசட்டயும் எடுத்துகினு மலைக்குப் போறேன். இது எறங்கி முடிஞ்சதும் கேசட்ட எடுத்துகினு நேரா மேல வா, மூணாவது கல்யாணத்துக்கு வேணும்"ன்னுட்டு டிவிஎஸ்ஸ ஸ்டார்ட் பண்ணிட்டாரு.

நான் இருந்தேன். எதிர் கடையில டீ சொன்னேன். டீக்கடைக்காரன் பொண்டாட்டி கோச்சிகினு சித்தூருக்குப் போனாளே, அந்தக் கதைய கேட்டுகினு இருந்தேன். திரும்பி வந்தா ஸ்க்ரீன்ல ஒரு பொட்டி. இங்கிலீஷ்ல ரெண்டு வரி. கீழ ஓகே. கேமராவும் நின்னுட்டிருந்துச்சு. முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். மனுசன் வேற இன்னா நெனப்பான்? ஓகேவ அமுக்கினேன். கேசட்ட எடுத்தேன். மலைக்கு ஓடினேன். அந்தக் கேசட்டு மேல மூணாவது கல்யாணம் ஏறிச்சு, அடுத்த வாரம் ஒரு காதுகுத்து, அதுக்கப்புறம் ஒரு மஞ்சத்தண்ணி.

பொட்டி வந்தத நான் பாவாகிட்ட சொல்லல. மறைக்கணும்னு இல்ல. அது ஒரு விஷயமாவே தோணல.

எங்க ஊர்ல கல்யாணம் முடிஞ்சு சீடி கைக்கு வர மூணு நாலு மாசம் ஆவும். தேவகியோடது அஞ்சு மாசமாகியும் எடிட்டுக்கு எடுக்கல, அவங்களும் கேக்கல. தை மாசம் ஒரு நாள் காலையில எல்லப்பன் மவளோட கடைக்கு வந்தாரு. அது வயித்துல நாலு மாசம். மூஞ்சியில ரத்தமே இல்ல.

"அண்ணா, எங்க கல்யாண வீடியோ வேணும்."

"இன்னாமா, அவசரமா?" பாவா கேட்டாரு.

எல்லப்பன்தான் சொன்னாரு. பொங்கலுக்கு ஊருக்குப் போன கங்காதரன் திரும்பி வரல. தேடிகினு ஆர்.கே.பேட்டைக்குப் போனா, அவன் சித்தப்பன் வாசல்லயே நின்னுகினு, "யாரு நீங்க? எங்க பையனுக்குக் கல்யாணமே ஆவலையே, வைகாசியிலதான வெச்சிருக்கோம்"ன்னு கேட்டிருக்காரு. சிரிச்சிகினே கேட்டாராம். போட்டோ எடுத்த ஃப்ரெண்டு போனையே எடுக்கல. மந்திரம் சொன்ன ஸ்ரீகண்டன் ஐயரு, "அன்னிக்குப் பதினஞ்சு கல்யாணம்பா, எந்த மூஞ்சின்னு சொல்லுவேன்"ன்னுட்டாரு. பாவம், அவரு பொய் சொல்லல. ஊர்க்காரங்க சாட்சி சொல்லுவாங்க, ஆனா எல்லாரும் பொண்ணு சைடு ஆளுங்க. வக்கீலம்மா சாய்லக்ஷ்மி ஒண்ணே ஒண்ணு கேட்டாங்களாம்: தாலி கட்டினது வீடியோவுல இருக்குதா?

"இருக்காம எங்க போவும்?" பாவா ஸ்டைலா சேரத் திருப்பினாரு. "முருகன்கிட்டதான கீது. உக்காருமா."

ஃபைலத் தொறந்தாரு. படம் வந்துச்சு. மண்டபம், வாழ மரம், எல்லம்மாள் கண்ணத் தொடச்சிகினு போறது. கங்காதரன் மணவறையில உக்காந்துகினு பல்லக் காட்டறான். தேவகி ஸ்க்ரீனயே பாத்துகினு இருந்துச்சு. கையால தாலிக் கயித்தப் புடிச்சிகினு இருந்துச்சு. ஐயரு தட்ட நீட்டறாரு. எல்லாரும் தொட்டுக் கும்பிடறாங்க. கங்காதரன் தாலிய எடுக்கறான். ரெண்டு கையாலயும் தூக்கறான்.

படம் நின்னுடுச்சு.

பாவா மவுச ஆட்டினாரு. மறுபடியும் போட்டாரு. பத்தொம்போது நிமிஷம். அதே எடம். தாலி காத்துல நிக்குது, கழுத்துக்கும் கைக்கும் நடுவுல ஒரு முழம்.

"மிச்சம் எங்கண்ணா?" தேவகி கேட்டுச்சு.

பாவா மெதுவா உள்ளங்கையத் திருப்பிப் பாத்தாரு. அங்க ஒண்ணும் எழுதி இல்ல. நான்தான் அப்போ அந்தப் பொட்டி வந்த கதைய சொன்னேன். என்ன அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "ராஜேஷ் சொன்னாரு. எனக்குத்தான சொன்னாரு"ன்னு மட்டும் ரெண்டு தடவ சொன்னாரு.

மெட்ராசுக்குப் போன் போட்டோம். "எழுதாத படத்த எங்கேர்ந்து சார் எடுக்கறது? நாலு ஜிபியோட கதவ சாத்திக்கிச்சு. கேசட்டு இருந்தா பாக்கலாம்"ன்னாரு ராஜேஷ். கேசட்டுல மஞ்சத்தண்ணி ஓடிகினு இருந்துச்சு.

அடுத்த நாள் பாவா வக்கீலம்மாகிட்ட போயி உள்ளதச் சொன்னாரு. நானும் கூட நின்னேன். சாய்லக்ஷ்மி மலைக்கோயில் மடப்பள்ளியில சமைக்கிற குடும்பத்துப் பொண்ணு, சத்தமே போடாம பேசுவாங்க. கொஞ்ச நேரம் பேனாவ உருட்டிகினு இருந்தாங்க.

"வீடியோ இருக்குதுன்றது உண்மதான?"

"இருக்குதுங்கம்மா. முக்காவாசி."

"முக்காவாசின்ற வார்த்த இந்த ரூமத் தாண்டக் கூடாது. வீடியோ இருக்குதுன்னு மட்டும் நான் எழுதறேன். போட்டுக் காட்டுன்னு அவங்களாக் கேக்கற வரைக்கும் யாரும் வாயத் தொறக்காதீங்க. அவனுக்குத் தெரியும் அவன் இன்னா பண்ணான்னு. பயமே அவனக் கூட்டிகினு வரும்."

எல்லாரும் தலயாட்டினோம். எல்லப்பன், தேவகி, பாவா, நானு.

நோட்டீசு போன நாலாம் நாள் ஆர்.கே.பேட்டைலேர்ந்து ஆளு வந்துச்சு. மொதல்ல மெரட்டல். கடை வாசல்ல ரெண்டு பைக்கு நிக்கும், ஒருத்தனும் எறங்க மாட்டான், பேச மாட்டான், ஒரு மணி நேரம் இன்ஜின ஓட வுட்டுட்டுப் போவாங்க. எங்க அக்கா, "அந்த டிஸ்கத் தூக்கி அவனுங்க மூஞ்சியில எறிங்க, நமக்கு எதுக்கு"ன்னு அழுதுச்சு. பாவா அசையல. தெனம் காலையில கடையத் தொறந்து, கம்ப்யூட்டர்ப் பக்கத்துலயே உக்காந்துகினு இருப்பாரு. உள்ள ஒண்ணும் இல்லாத பொட்டிக்கு அப்படி ஒரு காவல். கூட்டறத வுட்டுட்டாரு. தட்டுல எட்டு இட்லி வெச்சாலும் சாப்புட்டாரு. அதப் பாத்துத்தான் எனக்குப் பயம் வந்துச்சு.

பத்து நாளுல பைக்கு நின்னுடுச்சு. சித்தப்பன் வக்கீலம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாரு: வெள்ளிக்கெழம வரோம், பேசிக்கலாம், பொண்ண அழைச்சிகினு போறோம்.

தேவகி அன்னிக்குக் கடைக்கு வந்து பாவா கால்ல வுழுந்துச்சு. "எனக்கு ஒண்ணும் வேணாம்ணா. எம்புள்ளைக்கு அப்பன் பேரு இருந்தாப் போதும்."

அது புதன்கெழம. வெள்ளிக்கு ரெண்டே நாள்.

வியாழக்கெழம காலையில நான் ஷேவிங்குக்கு சலூனுக்குப் போனேன். வெள்ளிக்கெழம பெரிய மனுசங்க வர்ற எடத்துல தாடியோட நிக்க முடியாது பாருங்க. சலூன்கார சிகாமணி எனக்குப் பழக்கம். சோப்பப் போட்டுகினே, "இன்னா சிங்காரம், உங்க பாவா பெரிய கேசுல எறங்கிட்டாராமே"ன்னு கேட்டான்.

நான் பேசாமதான் இருந்தேன். சத்தியமா. ஒரு கன்னம் முடியற வரைக்கும் பேசல.

"வீடியோவுல எல்லாம் தெளிவா இருக்குதாமே?"

அப்போ என் வாயி என்னக் கேக்கல. சிரிப்பு வந்துடுச்சு. "தெளிவா? டேய், உலகத்துலயே தாலி கட்டாத கல்யாண வீடியோ எங்க பாவா ஒருத்தர்கிட்டதான்டா கீது. தூக்கறான், தூக்கறான், தூக்கிகினே நிக்கறான். அஞ்சு மாசமா கை எறக்கல!"

சிகாமணி கத்தியக் கீழ வெச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். நானும் சிரிச்சேன். நல்ல ஜோக்கு. கண்ணாடியில பின்னாடி பெஞ்சு தெரிஞ்சுது. ஒரு ஆளு பேப்பர மூஞ்சிக்கு நேரா பிடிச்சிகினு இருந்தான். அவன் சிரிக்கல. பேப்பர நாலா மடிச்சான், பெஞ்சு மேல வெச்சான், ஷேவிங் பண்ணிக்காமயே எழுந்து போனான். வெளிய ஒரு பைக்கு ஸ்டார்ட் ஆச்சு.

"யார்ரா அது?"

"தெரியல. ஆர்.கே.பேட்டை சைடுன்னு நெனக்கறேன். ஏன்?"

மிச்ச கன்னத்துல சோப்பு காஞ்சிடுச்சு.

இத நான் பாவாகிட்ட சொல்லியிருக்கணும். ஒரு நாள் இருந்துச்சு. சொல்லல. அந்த ஆளு வேற யாராச்சும் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிகினு சோறு துன்னேன்.

வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு வக்கீலம்மா ரூம்ல எல்லாரும் உக்காந்துட்டோம். தேவகி பட்டுப் பொடவ கட்டிகினு வந்திருந்துச்சு. ஊருக்குப் போறதுக்குப் பையி ரெடி. அத எல்லம்மாள் மடியில வெச்சிகினு இருந்தாங்க. கங்காதரனும் சித்தப்பனும் வந்தாங்க. சித்தப்பன் வெள்ள சட்டை, நல்ல மனுசன் மாதிரி மூஞ்சி. வந்ததும் எல்லாருக்கும் வணக்கம் வெச்சாரு. எனக்குக் கொஞ்சம் அதிகமாவே வெச்சாரு.

"பேசறதுக்கு முன்னாடி," உக்காந்துகினே சொன்னாரு, "படத்த ஒரு தடவ போட்டுடுங்கம்மா. எங்க பையன் கல்யாணத்த நாங்க பாக்கவே இல்ல பாருங்க."

பாவா என்னப் பாக்கல. சீடியப் போட்டாரு. வேற இன்னா பண்ணுவாரு? பத்தொம்போது நிமிஷம் அந்த ரூம்ல ஃபேனு சத்தமும் நாதஸ்வரமும்தான். தாலியத் தூக்கினான். நின்னுச்சு.

"அப்புறம்?" சித்தப்பன் கேட்டாரு.

வக்கீலம்மா பேனாவ மூடி வெச்சாங்க.

"நான் சொல்றேன்," கங்காதரன் வாயத் தொறந்தான். பாடம் பண்ணிகினு வந்த மாதிரி சொன்னான். "என்ன மெரட்டி உக்கார வெச்சாங்க. தாலிய கையில குடுத்தாங்க. தூக்கினேன். மனசு கேக்கல. கீழ வெச்சிட்டு எழுந்து போயிட்டேன். அதான் படம் அங்க நிக்குது."

தேவகி கழுத்துலேர்ந்து கயித்த வெளிய எடுத்துக் காட்டுச்சு. "அப்ப இது இன்னாங்க?"

அவன் ஜன்னலப் பாத்தான். "மலையடியில எல்லாக் கடையிலயும் விக்குது."

எல்லப்பன் எழுந்தாரு, எழுந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு. பாவா மட்டும்தான் பேசினாரு: "நான் பாத்தேன். கேமராவுக்குள்ள என் கண்ணால பாத்தேன். மூணு முடிச்சு. தப்பு என் டிஸ்குல. ஒன்பது வருதேன்னு தப்பா கட்டிட்டேன்." எதுக்கு ஒன்பதுன்னு வக்கீலம்மா கேக்காமயே முழுக் கதையும் சொன்னாரு. எழுத்து, நம்பர், செவ்வா, எல்லாம். சித்தப்பன் பொறுமையா கேட்டுட்டு, "இத அப்படியே கோர்ட்டுலயும் சொல்லுங்க"ன்னாரு.

வெளிய வந்ததும் பாவா என் சட்டையப் புடிக்கல. "யாருகிட்ட சொன்ன?"ன்னு கேட்டாரு.

"ஒருத்தன்கிட்டதான் பாவா."

"ஒருத்தன் போதும்"ன்னுட்டு நடந்துட்டாரு. அன்னிலேர்ந்து எனக்கு லைட்டு வேல இல்ல.

கேசு கோர்ட்டுக்குப் போச்சு. தேவகிக்கு ஆடியில பொம்பளப் புள்ள பொறந்துச்சு. பாவா ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடைய சாத்திட்டுப் போவாரு. எதிர் வக்கீலு அந்த ஒன்பது கதையக் கேட்டுக் கேட்டு கோர்ட்டையே சிரிக்க வெச்சாராம். பாவா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: நான் பாத்தேன். ஆனா படம் எடுத்தவனே தப்பு பண்ணவன், அவன் பேச்சுக்கு எவ்ளோ எட? கேமராவத் தவிர கிட்ட நின்னு பாத்த வெளி ஆளு ஒருத்தன்தான். வக்கீலம்மா என்னக் கூப்புட்டு அனுப்பினாங்க. நானும் வரேன்னுதான் சொன்னேன். இவ்ளோ நாளு தேவையில்லாததெல்லாம் பேசின வாயி, ஒரு தடவ தேவையானத பேசட்டுமேன்னு.

ரெண்டாயிரத்து ஆறு மார்ச்சு. கோர்ட்டுக்கு மொத நாளு, பஸ் ஸ்டாண்டுல கங்காதரனோட சித்தப்பன், அந்த வெள்ள சட்டை, என் பக்கத்துல வந்து நின்னுச்சு. டீ வாங்கிக் குடுத்தாரு. நல்லா இருக்கீங்களான்னு கேட்டாரு.

"உங்க பொண்ணு ஷாலினி எங்க ஆர்.கே.பேட்டை நர்சரி ஸ்கூல்லதான டீச்சரு? நல்ல பொண்ணு. சாயங்காலம் அஞ்சே கால் டவுன் பஸ்ஸு. எப்பவும் ட்ரைவர் பின்னாடி சீட்டு."

"ஆங்"ன்னேன்.

"பத்திரமா போயிட்டு பத்திரமா வரட்டும்"ன்னாரு. கிளாச வெச்சிட்டுப் போயிட்டாரு.

அடுத்த நாள் கூண்டுல ஏறினேன். எதிர்ல தேவகி, மடியில புள்ள. கடைசி பெஞ்சுல பாவா. அதுக்குப் பக்கத்துல வெள்ள சட்டை.

"சிங்காரம், தாலி கட்டும்போது நீங்க எங்க நின்னீங்க?" சாய்லக்ஷ்மி கேட்டாங்க.

"பக்கத்துல. ரெண்டடி."

"கங்காதரன் தாலி கட்டினத நீங்க பாத்தீங்களா?"

புள்ள என்னப் பாத்து சிரிச்சிகினு இருந்துச்சு. அப்பன் ஜாடை அப்படியே. மணி பதினொண்ணு இருக்கும், ஷாலினி க்ளாசுல இருக்கும். சாயங்காலம் அஞ்சே கால் ஆவ இன்னும் நெறைய நேரம் இருந்துச்சு.

"நான் பாக்கலீங்க"ன்னேன். "நான் லைட்டத்தான் பாத்துகினு இருந்தேன்."

லைட்டு பிடிக்கிறவன் எவனும் லைட்டப் பாக்க மாட்டான். ஆயிரம் வாட்டு, கண்ணு போயிடும். மூஞ்சியத்தான் பாப்பான். அந்தக் கோர்ட்டுல இருந்த ஒருத்தருக்கும் அது தெரியாது, கடைசி பெஞ்சுல இருந்த பாவாவத் தவிர. அவரு எழுந்து, செருப்ப மாட்டிகினு, வெளிய போனாரு.